பாலைவனத்தில் சைக்கிள் மிதித்தேன்!



எனக்கு வயது 61. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்த்து, 2024ல் ஓய்வு பெற்றேன். 'அமெரிக்கா போனேன், சைக்கிள் ஓட்டினேன்' என்று ஒருத்தி எழுதினால், பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். அது நம்மில் முக்கால்வாசிப் பேர் வெளியே கிளம்பும்போதெல்லாம் செய்கிற தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். 2025 மே மாதம் அவள் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் மாடு கன்றை விட்டுவிட்டு வரமுடியாது என்று ஊரிலேயே இருந்துவிட்டார். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது மகள், "அம்மா, இந்த லீவுக்கு மோவாப் போறோம். யூட்டா மாநிலத்துல பாலைவனம். சைக்கிளெல்லாம் கார்ல மாட்டி எடுத்துட்டுப் போறோம். நீயும் ஓட்டுறியா?" என்றாள்.

ஒன்பது வயதுப் பேரன் சிரித்துவிட்டான். "அம்மாச்சிக்கு சைக்கிள் தெரியுமா?"

"உங்கம்மாவையே சைக்கிள் பார்ல உக்கார வச்சு மிதிச்சவடா நான்" என்றேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அது 1992. எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நேரம். பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு, சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மாதான் அதற்கு முன்னால் நின்றவர். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், கிராம நர்சுகள், என்னை மாதிரி அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் கற்றுக்கொண்டோம். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு கிடைக்காது. ஜென்ட்ஸ் சைக்கிள்தான். ஆனால் அதுவே எங்களுக்கு வசதியாகிவிட்டது. முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே!

எனக்கு அப்போது 28 வயது. மகளுக்கு மூன்று வயது. "பொம்பளை சைக்கிள் மிதிச்சா வீடு வெளங்குமா?" என்று என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல், வாடகை சைக்கிளின் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதற்கப்புறம் தினமும் போக வர 12 கிலோமீட்டர். கடைசி வருடம் வரைக்கும் சைக்கிள்தான்.

அதனால்தான் அந்த ரோஷம்.

டென்வரிலிருந்து விடிகாலை கிளம்பினோம். மோவாபுக்கு 350 மைலுக்கு மேல். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார். முதலில் மலை ஏற்றம். 11,000 அடி உயரத்தில் மலையைக் குடைந்த ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டினால், அந்தப் பக்கம் இறக்கம். கொஞ்ச நேரத்தில் கொலராடோ ஆறு கூடவே வருகிறது. கிளென்வுட் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே ஆறு, அதை ஒட்டியே ரோடு. போகப்போக மரம் குறைந்து, புல் குறைந்து, மண் சிவந்துகொண்டே வந்தது. யூட்டா எல்லையைத் தாண்டியதும் பச்சை என்பதே அபூர்வம். செம்மண், செம்பாறை, மேலே துடைத்துவிட்ட மாதிரி நீல வானம்.

வழியில் ரோட்டோரம் சுத்தமான கழிப்பறைகள் இருந்தன. "அத்தை, வண்டிய நிறுத்தவா?" என்று மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார். "வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். நிறுத்தச் சொல்லும் நிலைமையே வரக்கூடாது என்று காலையிலிருந்து நான் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. இது எனக்குப் புதுசு இல்லை. பஸ்ஸில் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், வேலைக்குப் போனாலும் அப்படித்தான். உங்களுக்கும் தெரிந்த கதைதானே? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

மோவாப் சின்ன ஊர். 1952ல் அந்தப் பக்கத்தில் யுரேனியம் கிடைத்து, ஊர் ஓகோ என்று இருந்ததாம். பிறகு யுரேனியத்துக்குக் கிராக்கி குறைந்து 1980களில் ஊர் படுத்துவிட்டது. அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தியதில் மலை சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த சைக்கிள் பிறந்த கதையும் ரொம்ப வருடக் கதை இல்லை. 1970களில் கலிபோர்னியாவில், மரின் என்ற மலைப்பகுதியில் சில இளவட்டங்கள், தடி டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் கீழே ஓட்டி விளையாடினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூடாகி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புதுசாக அடைக்க வேண்டும். அந்த விளையாட்டு வளர்ந்துதான் கியர் வைத்த மலை சைக்கிள் ஆனது. ஆம்பளைப் பிள்ளைகள் விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். ஜாக்கி ஃபீலன் என்ற பெண் 1983, 84, 85 மூன்று வருடமும் அமெரிக்க சாம்பியன். பெண்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டவும், டீ குடித்துப் பேசவும் 1980களிலேயே ஒரு சங்கம் ஆரம்பித்தவர் அவர். மகள் இதைச் சொன்னதும் எங்கள் அறிவொளிக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. டீ மட்டும்தான் குறைச்சல்.

மோவாபில் வழுக்குப்பாறைப் பாதை என்று பேர் பெற்ற ஒன்று இருக்கிறது. 1969ல் மோட்டார் சைக்கிள்களுக்காகப் போட்டது. இரும்பு லாடம் அடித்த குதிரைக்குத்தான் அந்தப் பாறை வழுக்குமாம். ரப்பர் டயருக்கு உப்புத்தாள் மாதிரி நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஏற்ற இறக்கம் பயங்கரம். அதில் என்னை விடவில்லை. என்னைக் கூட்டிப்போனது 'டெட் ஹார்ஸ் பாயின்ட்' என்ற மாநிலப் பூங்காவுக்கு. தமிழில் சொன்னால் செத்த குதிரை முனை. பேரே நன்றாக இல்லையே என்றேன். "இடம் நல்லா இருக்கும், வா" என்றாள் மகள்.

எனக்கு மோவாபில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தார்கள். டயர் நம் கை மணிக்கட்டைவிடத் தடிமன். காற்றைக் குறைவாகத்தான் அடைக்கிறார்கள், அப்போதுதான் மணலிலும் கல்லிலும் பிடிக்குமாம். முன் சக்கரத்தில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஷாக். மாப்பிள்ளை ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னார். "அத்தை, நம்ம ஊர் சைக்கிள்ல வலது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. இங்க இடது கை. பழக்கத்துல இடதை மட்டும் இறுக்கிப் பிடிச்சீங்கன்னா தலைகுப்புறப் போயிடுவீங்க." நல்ல வேளை சொன்னார். வெளிநாட்டில் சைக்கிள் எடுக்கும் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

சுடிதார் காலை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காரவில்லை, அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன். முதுகில் ஒரு பை. அதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வாய்ப் பக்கம் வரும். ஓட்டிக்கொண்டே உறிஞ்சலாம். பேரனுக்காக நான் வேறு விடுதி அறையில் உப்பு, சர்க்கரை போட்டு எலுமிச்சை பிழிந்து ஒரு லிட்டர் பாட்டில் கலந்து வைத்திருந்தேன்.

அந்தப் பூங்காவின் சைக்கிள் பாதைகளை 2009ல் திறந்திருக்கிறார்கள். ஒரு மைல் சுற்று, சுமார் நாலு மைல் சுற்று, ஒன்பது மைல் சுற்று என்று உண்டு. "நாலு மைல் போதும்மா" என்றாள் மகள். "தினம் 12 கிலோமீட்டர் மிதிச்சவளுக்கு நாலு மைல் ஒரு தூரமா? ஒன்பதே போவோம்" என்றேன். வெயில் அன்றைக்கு 90 டிகிரிகூட இருக்காது என்றார்கள். எங்கள் ஊரில் மே மாதம் 100க்கு மேல் பார்த்தவளுக்கு இது ஒரு வெயிலா?

பாதை ஒற்றையடிப் பாதைதான். கொஞ்சம் செம்மண், கொஞ்சம் பாறை. இரண்டு பக்கமும் குட்டைக் குட்டையாக ஜூனிப்பர் மரம். தரையில் நம் ஊர் சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தக்காரக் கள்ளி. தூரத்தில் 12,000 அடிக்கு மேல் உயரமான லா சால் மலைகள், மே மாதத்திலும் தலையில் பனி. பாலைவனத்தில் நின்றுகொண்டு பனியைப் பார்த்தேன் தோழிகளே!

பேரன்தான் எனக்கு வாத்தியார். ஓரத்தில் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக மண் இருந்தது. கால் வைக்கப் போனேன். "அம்மாச்சி, மிதிக்காதீங்க! அது உயிருள்ள மண்ணு!" என்று கத்தினான். நிஜம்தானாம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நூல் மாதிரி மணலைக் கட்டி, மேலே ஒரு தோல் போலப் போர்த்தி வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும், மழைத் தண்ணீர் நிற்பதும், செடி முளைப்பதும் அதனால்தான். ஒருத்தர் ஒரு மிதி மிதித்தால் திரும்ப வளர பல பத்து வருடம் ஆகுமாம். அதனால்தான் பாதையை விட்டு சைக்கிள் இறங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தாக்கு ஓரம் வந்ததும் இறங்கி நின்றோம். கீழே சிவப்புப் பாறைக்கு நடுவே பளீரென்று நீலமாகப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வேதாரண்யம் உப்பளம் மாதிரியே இருந்தது. கேட்டால், அது பொட்டாஷ் எடுக்கிற இடமாம்! ஆற்றுத் தண்ணீரைப் பூமிக்குள் விட்டு, அங்கே இருக்கிற உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, சுமார் 400 ஏக்கர் பாத்திகளில் காயவைக்கிறார்கள். வெயிலை நன்றாக இழுத்துச் சீக்கிரம் வற்றட்டும் என்று நீலச் சாயம் கலக்கிறார்களாம். நம் வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் இப்படியும் பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். தலை வலித்தது. ஹெல்மெட் இறுக்கம் என்று நினைத்தேன். பேரன் என்னவோ கேட்டான், எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு சின்ன ஏற்றம். மிதிக்க மிதிக்க எதிரே இருந்த பாறை அசைகிற மாதிரி இருந்தது. கீழே விழவில்லை. ஆனால் காலை ஊன்றினவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கையைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மகள் ஓடிவந்து என்னை மர நிழலில் சாய்த்தாள். என் முதுகுப் பையைக் கழற்றியவள் திகைத்துப் போனாள். "அம்மா! தண்ணி அப்படியே இருக்கு! ஒரு வாய்கூடக் குடிக்கலையா நீ?"

இரண்டு லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு வாய் குடிக்காமல் பாலைவனத்தில் ஏற்றம் மிதித்திருக்கிறேன்.

நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டாள். பேரனுக்கென்று நான் கலந்த அந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்தது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி, எத்தனை தாய்மார்களுக்கு நான் சொல்லியிருப்பேன்! கடைசியில் எனக்கே என் மகள் ஊட்டினாள்.

அந்த வழியாக சைக்கிளில் வந்த இரண்டு வெள்ளைக்கார அம்மாக்கள் நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தன் பையிலிருந்து உப்புக் கடலை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். பாலைவனத்தில் தாகம் எடுக்கும் வரைக்கும் காத்திருக்கக் கூடாதாம். காற்று அவ்வளவு காய்ந்தது, வேர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். போதாததற்கு அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 5,900 அடி, நம் ஏற்காட்டைவிட உயரம். மூச்சு வழியாகவே தண்ணீர் போய்விடும். நம் ஊர் வெயிலில் வேர்த்துக் கொட்டுவதால் உடம்பே எச்சரிக்கும். அங்கே எச்சரிக்கையே கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும், கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்றார்.

அவர்கள் போனபிறகு மகள் கேட்டாள். "ஏம்மா குடிக்கல?"

"ஒதுங்க இடம் இருக்கோ இல்லையோன்னுதான்..." என்றேன்.

"கிளம்பின இடத்துலயே கழிப்பறை இருக்கேம்மா. வழியில அவசரம்னாலும் அந்தக் கறுப்பு மண்ணை மிதிக்காம, வெறும் பாறைப் பக்கமா ஒதுங்கலாம். காகிதத்தை மட்டும் பையில போட்டு எடுத்துட்டு வந்துடணும். இங்க பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான் செய்றாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். "பத்தாவது படிக்கும்போது எனக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்தேனே, ஞாபகம் இருக்கா? ஸ்கூல் கழிப்பறைக்குப் பயந்துக்கிட்டு நான் காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேன். உன்னைப் பாத்துதாம்மா கத்துக்கிட்டேன். நீயும் வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சைக்கிள் பாரில் உட்கார வைத்து அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே பாரில் உட்கார்ந்து அவள் இதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே மெதுவாகத் திரும்பினோம். ஒன்பது மைல் நடக்கவில்லை. பாதிகூடப் போகவில்லை.

சாயங்காலம் அந்த முனைக்குப் போனோம். 2,000 அடி கீழே கொலராடோ ஆறு பாம்பு மாதிரி வளைந்து போகிறது. டென்வரிலிருந்து வரும்போது ரோட்டோரம் கூடவே வந்த அதே ஆறு. அங்கேதான் பேருக்கான காரணத்தை மகள் சொன்னாள். அந்த முனையின் கழுத்து வெறும் 30 கெஜம் அகலம். மூன்று பக்கமும் பாதாளம். அந்தக் காலத்தில் காட்டுக் குதிரைகளை அங்கே விரட்டிவிட்டு, கழுத்தை மரக்கிளையால் அடைத்துவிடுவார்களாம். ஒருமுறை வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். அவை கீழே ஆறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தாகத்தில் செத்துப்போயின என்று கதை.

பாவம் குதிரைகள், அடைத்து வைத்தார்கள், செத்தன. என்னை யார் அடைத்தார்கள்? தண்ணீர் ஆற்றில்கூட இல்லை, என் முதுகிலேயே இருந்தது. அங்கேயே நின்று, குழாயை வாயில் வைத்துக் குடித்தேன். பேரன் கை தட்டினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய், நாலு மைல் சுற்றை முழுசாக முடித்தேன். பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மாச்சி, தண்ணி!" என்று கத்திக்கொண்டே வந்தான். ஒருமுறை ஒதுங்கவும் செய்தேன். வானம் இடிந்து விழவில்லை.

தோழிகளே, இது நம் தப்பு மட்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் எத்தனை பஸ் நிலையத்தில், பள்ளிக்கூடத்தில், வேலை செய்யும் இடத்தில் பெண்கள் நம்பி நுழையும்படி கழிப்பறை இருக்கிறது? இடம் இல்லாததால் வந்த பழக்கம்தான் இது. ஆனால் இடம் இருக்கும்போதும் கேட்கக் கூச்சப்பட்டு, குடிக்காமல் இருந்து பழகிவிட்டோம். நீர்க்கடுப்பும், சிறுநீரகக் கல்லும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. தலைவலி, கிறுகிறுப்பு, நாக்கு வறட்சி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, காரணமில்லாத எரிச்சல் இதெல்லாம் உடம்பு தண்ணீர் கேட்கிற அடையாளம். அசட்டை செய்யாதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தாள், "எனக்கும்தான் அக்கா..." என்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். மனுவைக் கொடுக்க நான்தான் போனேன்.

சைக்கிளில்தான். ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில் தொங்கியது.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி